இடப்பக்கத்து ஆட்கள்

அந்த லேப்டாப்பின் சூட்டில் சட்டைக் காலர் தேய்க்கலாம் என்று அம்மா முதலில் கேலிக்குத்தான் சொன்னாள். மூன்றாம் நாள் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து அதன் அடியில் செருகி வைத்தாள். அப்பா ஒரு தடவை பஸ் ஓட்டி முடித்ததும் உருவி எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"காத்து போற ஓட்டையை அடைச்சுட்டியேம்மா" என்று மகள்தான் பதறினாள்.

லேப்டாப் அவளுடையது. மரவேலைப் பட்டறை ஒன்றுக்குச் சமையலறை அலமாரிகள் வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று மாடி ஏறி இறங்கி அளவெடுப்பாள். கைப்பையில் எப்போதும் அளவு டேப்பு இருப்பதால் பட்டறையில் அவளுக்கு டேப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. லேப்டாப் வாங்கப் போனபோது கடைக்காரர் கனமான ஒன்றையும் மெலிசான ஒன்றையும் எடுத்து வைத்தார். அவள் இரண்டையும் தோளில் மாட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஏறிய படிகள் முழங்காலில் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன. மெலிசானதையே எடுத்துக்கொண்டு வந்தாள். அலமாரி வரைய அது தாங்கும். அலமாரியை வெளிச்சமும் நிழலுமாகத் திருப்பிக் காட்டும்போது மட்டும் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். அவ்வளவுதான் அதன் தெம்பு.

அதில் பஸ் ஓட்டுவார்கள் என்று யார் கண்டது?

அப்பா நிஜத்தில் பஸ் ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருஷம். டெப்போ கேன்டீன் படியில் இறங்கும்போது கடைசிப் படியின் இடது ஓரம் கால் தவறி, இடது கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில். "படியை யாரோ நகர்த்தி வெச்சிருக்கானுங்க" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார். வீட்டில் அவரைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். "கிளட்ச்சைக் கொல்றான் பாரு." "மேட்டுல இந்த கியர் போடுவானா ஒருத்தன்?" துணிக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கும் அம்மா, தையல் மெஷினின் சத்தத்துக்கும் குறை சொல்வாரோ என்று மெதுவாக மிதிப்பாள்.

அப்போதுதான் விசில் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசில், அப்பாவின் பஸ்ஸில் பதினோரு வருஷமாகக் கண்டக்டர். லீவு நாளிலும் கழுத்துக் கயிற்றில் விசில் தொங்கும். பையில் அவர் தங்கை வீட்டுப் பரணில் கிடந்த விளையாட்டு ஸ்டீயரிங்கும் இரண்டு பெடலும் இருந்தன. "அண்ணே, உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அண்ணிக்கு உங்களைத் தாங்கவும் முடியாது. இந்தாங்க" என்றார்.

டேப்பு லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்த பஸ் கேமில் ஒரு பெரிய நகரம் இருந்தது. மழை பெய்தது. ஈர ரோட்டில் கட்டடங்கள் தலைகீழாகத் தெரிந்தன. நடைபாதை நிறைய மனிதர்கள். மெலிசான லேப்டாப் அத்தனையையும் தூக்க முடியாமல் விக்கியது. படம் நின்று நின்று வந்தது.

"நான் திருப்பினது நேத்து, வண்டி திரும்புறது இன்னைக்கு" என்றார் அப்பா.

டேப்பு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். கேம் ஆடுவதற்கென்றே செய்த லேப்டாப்பில் படம் வரைய மட்டும் தனியாக ஒரு சில்லு இருக்கும். இதில் அது கிடையாது. ஒரே ஆள் சமைக்கவும் வேண்டும், பரிமாறவும் வேண்டும். உடம்பும் ஒல்லி, சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏறினால் அதுவே பயந்து தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "மினி வேன் இன்ஜின்ல பஸ் பாடி கட்டியிருக்கு. அவ்வளவுதானே? மேடு ஏறலைன்னா என்ன பண்ணுவோம்? லோடை இறக்கு."

இருவரும் உட்கார்ந்து லோடு இறக்கினார்கள். அந்த ஒரு வாரம் போல அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொன்றாக அவள் பெயர் சொல்லுவாள், அவர் உத்தரவு கொடுப்பார்.

"நிழல் இருக்குப்பா. மரத்துக்கு, ஆளுக்கு, எல்லாத்துக்கும்."

"போகட்டும். நிழல் டிக்கெட் எடுக்காது."

"தண்ணியில பில்டிங் தெரியறது?"

"எந்தப் பயணி கேட்டான்? எடுத்துரு."

மரத்தில் இலைகள் குறைந்தன. தூரத்து மலை கரைந்தது. படத்தின் அளவைக் குறைத்தாள். நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் வரைய வேண்டாம் என்று வரம்பு கட்டினாள். அம்மாவிடம் காலி நூல்கண்டுக் கட்டைகள் நாலு வாங்கி, லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினாள். பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடியது. கடைசியில் மிச்சம் இருந்தது ஆட்கள். நடைபாதைக் கூட்டத்தைக் கால்வாசியாகக் குறைத்தால் பாதிச் சூடு இறங்கிவிடும் என்றாள்.

அதற்கு மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை. "ஆளே இல்லாத ரோட்டுல போறதுக்குப் பேரு ஓட்டுறது இல்ல பாப்பா. உருட்டுறது."

சரி என்று விட்டுவிட்டாள். அதற்குப் பதில் திரையின் இடது மேல் மூலையில் ஒரு எண்ணைப் போட்டு வைத்தாள். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று அது காட்டும். "இது இருபத்தஞ்சுக்குக் கீழே இறங்கினா நிறுத்திடுங்கப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்றாள். அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை. சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது லேப்டாப் கொதித்துக்கொண்டிருக்கும், எண் பதினெட்டில் கிடக்கும். ஒரு தடவை தானே அணைந்து, அவள் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த அலமாரி வரைபடம் ஒன்று போயே போய்விட்டது.

"கண்ணு முன்னாடி எண் நிக்குது. பார்க்க மாட்டீங்களாப்பா?"

"ரோட்டைப் பார்க்கிறதா, உன் எண்ணைப் பார்க்கிறதா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. நல்ல டிரைவர் நடு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

அந்தக் கேமில் ஒருவரை இடித்துவிட்டால் திரை கறுத்துப்போகும். வண்டி டெப்போவிலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். அப்பா தினமும் இரண்டு பேரையாவது இடித்தார். இடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் ஒரு அடி அடிப்பார். "எங்கிருந்துதான் வர்றானுங்களோ."

இந்த வார்த்தை அந்த வீட்டுக்குப் புதிதில்லை. போன ஒரு வருஷமாக, சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது தினம் ஒருவனைப் பற்றி அதைச் சொல்வார். ஸ்கூட்டரில் வந்தவன், தள்ளுவண்டிக்காரன், பை தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடியவள். ஒரு தடவை விளக்குக் கம்பத்தில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உரசி உடைந்தது. கம்பத்தை ரோட்டுக்குள் தள்ளி நட்டிருக்கிறார்கள் என்றார். ரோட்டில் ஒழுங்கு கெட்டுப்போய்விட்டது என்று வீடே நம்பியது.

இப்போது குற்றம் லேப்டாப்பின் மேல். "உன் மெஷின் ஆளை லேட்டா காட்டுது பாப்பா. கிட்டப் போனப்புறம் திடுதிப்புன்னு முளைக்கிறானுங்க." அவளால் மறுக்க முடியவில்லை. மூச்சுத் திணறும் லேப்டாப் அப்படிச் செய்வது உண்டுதான். தோள் வலிக்குப் பயந்து நோஞ்சானை வாங்கிவிட்டோமே என்று குற்ற உணர்வாகக்கூட இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். பின்மூடியைத் திருகிக் கழற்றி, தையல் மெஷின் துடைக்கிற பிரஷ்ஷால் ஃபேனின் தூசியை எடுத்தாள். மற்ற வேலைகளையெல்லாம் மூடினாள். படத்தை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கினாள். மதியம் மூன்று மணிக்கு எண் முப்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பஸ் வெண்ணெய் மாதிரி போனது.

"இப்ப சொல்லுங்க."

"இதான் வண்டி" என்றார் அப்பா. முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நிறுத்தம் தாண்டி இடது வளைவில் திரும்பினார். டொக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்தது.

ஜன்னலோரம் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அந்தக் குடைக்காரி என்ன பாவம் பண்ணினா?"

"எந்தக் குடைக்காரி?"

"சிவப்புக் குடை. அந்த ஓரத்துல நின்னாளே."

"அவ இப்பதானே முளைச்சா."

"முளைக்கிறதுக்கு அவ என்ன காளானா? நான் ஊசியில நூல் கோக்கிறதுக்கு முந்தியிருந்து நிக்கிறா. ரெண்டு தடவை எச்சில் தொட்டுக் கோத்துட்டேன்."

உனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அப்பா சிடுசிடுத்தார். அம்மா தோளைக் குலுக்கிவிட்டு மெஷினை மிதித்தாள். டேப்பு மறுபடி கிளம்பிய பஸ்ஸின் மூலையைப் பார்த்தாள். எண் முப்பது. முப்பதேதான். அப்படியானால் லேப்டாப் லேட்டாகக் காட்டவில்லை. அடுத்த வினாடியே, அம்மா வேறு யாரையாவது பார்த்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை விசில் வந்தார். கட்டுப் பிரித்து, அப்பா ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை டெப்போ டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலை. விசில் கொண்டு வந்த செய்தி அதைவிடப் பெரிது. புது பஸ்கள் வந்திருக்கின்றன. ஏறும்போதே அட்டையைத் தேய்த்துக்கொள்ளும் மெஷின் இருக்கிறது, கண்டக்டர் கிடையாது. ஒற்றை ஆள் ஓட்டுகிற முதல் வண்டியை அப்பாவுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். விசிலுக்கு அலுவலகத்தில் மேஜை வேலை.

"இருபத்தெட்டு வருஷம் ஒரு உயிருக்குச் சேதமில்லைன்னு டெப்போ மேனேஜர் சொல்லித்தான் என் பேரை எழுதினாராமே" என்று அப்பா கேட்டார்.

"ஆமாண்ணே" என்றார் விசில். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. கொடுத்த டீயும் ஆறிக்கொண்டிருந்தது.

உற்சாகத்தில் அப்பா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். விசில் பழக்கப்படி அவருக்குப் பின்னால், சற்று இடதுபுறமாக நின்றுகொண்டார். பஸ் கிளம்பியது. முதல் வளைவில், நடைபாதை விளிம்பில் ஒருவன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். விசிலின் கை தானாகக் கயிற்றைப் பற்றியது. வாயில் ஒரு குட்டை ஊதல்.

அப்பாவின் கால் பிரேக்கில் இருந்தது. யோசிக்கவே இல்லை. குழந்தையும் அப்பனும் குறுக்கே போனார்கள். வண்டி நகர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு ஊதல். சந்தை முனையில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று. டேப்பு திரையைப் பார்ப்பதை விட்டு விசிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஐந்து வாரத்தில் முதல் தடவையாக யாரையும் இடிக்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்ச் சேர்ந்தார். "பார்த்தியா, வண்டி இன்னைக்கு எப்படி அடங்கி ஓடுது" என்று திரும்பிச் சிரித்தார். விசில் கயிற்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

வழியனுப்புகிற சாக்கில் டேப்பு வாசல் வரை போனாள்.

"சித்தப்பா, எத்தனை நாளா ஊதுறீங்க?"

விசில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்தார். செருப்பு காலிலேயே இருந்தது. "பழக்கம் பாப்பா."

"ரெண்டு ஊதல்னா போகலாம். நீள ஊதல்னா நிறுத்தணும். குட்டையா ஒண்ணு ஊதினா என்ன சித்தப்பா?"

அவர் நிமிரவில்லை. "இடப்பக்கம் ஆள்" என்றார். குனிந்தபடியே சொன்னார்: "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல ஏதோ அசதின்னு நினைச்சேன். அப்புறம் கேட்கப் பயமா இருந்துச்சு. அண்ணன்கிட்ட போய், உங்களுக்குக் கண்ணு தெரியலையான்னு எப்படிக் கேட்கிறது? நான் ஊதினா நிக்கிறாரு. அது போதும்னு இருந்துட்டேன். நான் கூடவே இருப்பேன்னு நினைச்சேன்ல."

"திங்கட்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களே."

"ராத்திரியில தூக்கம் இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு விசில் போனார். தெருமுனை திரும்பும் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டேப்பு அளவெடுக்கப் போகவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா பஸ்ஸைக் கிளப்பினார். பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணை எந்த மூலையில் காட்ட வேண்டும் என்று செட்டிங்ஸில் ஒரு வசதி இருந்தது. காலையிலேயே அதை வலது மூலைக்கு மாற்றி வைத்திருந்தாள்.

"எண் எவ்வளவுப்பா?"

"இருபத்தொன்பது" என்றார், தலையைத் திருப்பாமலே. "அட, இங்கயே வெச்சிருக்கலாம்ல முதல்ல? பளிச்சுன்னு இருக்கு."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். எண்ணை மறுபடி இடது மூலைக்கு நகர்த்தினாள். "இப்ப கிளம்புங்க. எவ்வளவு?"

அப்பா ஓட்டிக்கொண்டே இருந்தார். "எங்க? எடுத்துட்டியா?"

"இருக்குப்பா."

"இல்லையே."

"இருக்குப்பா" என்றாள் மறுபடியும். 

தையல் மெஷின் நின்றது. அம்மா சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். அப்பா கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி. எண் அங்கே இருந்தது. முகத்தை நேராக்கினார். திருப்பினார். மறுபடி நேராக்கினார். திரையில் பஸ் தானாக உருண்டு போய் எதிலோ முட்டி நின்றது. அவர் கவனிக்கவில்லை.

"இத்தனை நாளா இங்கயா இருந்துச்சு?"

டேப்பு தலையாட்டினாள்.

"விசில் ஒத்தை ஊதல் ஊதுவான்" என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "டிக்கெட் போட்டு முடியலை, மெதுவா போகச் சொல்றான்னு நினைச்சேன்." ஸ்டீயரிங்கின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அந்த ஸ்கூட்டர்காரன் எங்கிருந்தும் வரலை. அங்கயேதான் இருந்திருக்கான். பை தூக்கிட்டு வந்தவளும்." குனிந்து இடது கணுக்காலைப் பார்த்தார். "படியை யாரும் நகர்த்தலை."

 நாளைக்கு டாக்டர் கணுக்காலைத்தான் அழுத்திப் பார்ப்பார் என்று அப்பா சொன்னார். கண்ணுக்கு நேரே எழுத்து அட்டையைக் காட்டுவார். நேரே எனக்கு எறும்பின் கால்கூடத் தெரிகிறது. அட்டையும் மனப்பாடம். பாஸ் பண்ணிவிடுவேன் என்றார். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. ஒரு வழித்தடத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.  

அம்மாதான் கேட்டாள். "திங்கட்கிழமை யாரு ஊதுவா?"

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். போகும்போது கதவு நிலையின் இடது ஓரத்தில் தோள் இடித்தது. அந்த வீட்டில் அந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருப்பதை அவள் எத்தனையோ நாளாகப் பார்த்திருக்கிறாள். எத்தனை தடவை இடித்தால் அப்படி உதிரும் என்று அன்றுதான் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை அவரோடு டேப்புவும் போனாள். டெப்போ டாக்டர் கணுக்காலை இப்படியும் அப்படியும் வளைத்தார். நடக்கச் சொன்னார். எழுத்து அட்டையை மாட்டினார். அப்பா கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிஷம், நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நேரா எல்லாம் தெரியுதுங்க ஐயா" என்றார். "ஓரத்துல பாருங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் நடந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து கரையான் மாதிரி தின்றுகொண்டு வந்திருக்கிறது என்றார்கள். இடப்பக்கத்தை அதிகம் தின்றிருக்கிறது. போனது வராது. இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். தினம் இரண்டு வேளை விட வேண்டும், மறக்கக் கூடாது. பஸ் கூடாது. டெப்போவில் அவரை வாசல் அறையில் போட்டார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, வருகிறது என்று எழுதுகிற வேலை. பக்கத்து மேஜை விசிலுக்கு. முதல் நாள் காலை முழுக்க இருவரும் அவரவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் விசில், "சொல்லாததுக்கு மன்னிச்சிருங்கண்ணே" என்றாராம். "ஊதினியேடா" என்றாராம் அப்பா. இதைச் சொல்லும்போது அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீயரிங்கை அவர் ஒரு மாதம் தொடவில்லை. டேப்பு அதைப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தவர், மூடியபடியே கேட்டார். "அந்த வண்டி இன்னும் ஓடுமா பாப்பா?"

எடுத்து வைத்தாள். நூல்கண்டுக் கட்டைகளையும் தேடி அடியில் கொடுத்தாள். பஸ் டெப்போவில் வந்து நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா கிளப்பவில்லை.

"ஆளுங்களை எடுத்துடு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு இது இருக்குன்னியே. முழுசா எடுத்துடு. பாவம் அவங்க."

கூட்டத்தைக் கால்வாசியாக்கினாள், பிறகு இல்லாமலே ஆக்கினாள். நடைபாதைகள் காலியாயின. அப்பா கிளம்பினார். ஈர ரோட்டில் பஸ் போனது. ஃபேன் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. அம்மா வந்து லேப்டாப்பின் அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்கே" என்றாள். கேலி எதுவும் சொல்லாமல் மெஷினுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

முதல் நிறுத்தம் வந்தது. யாரும் இல்லை. தாண்டிப் போயிருக்கலாம். அப்பா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். கதவைத் திறந்தார். காலி நடைபாதையில் மழை விழுந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்த மாதிரியே இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நேரம் போனது. கதவை மூடுகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

"எல்லாரும் ஏறியாச்சு. போலாம்."

அப்பா கதவைச் சாத்தினார். கழுத்தை நன்றாக இடப்பக்கம் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.